அம்மா எங்கே? ஆல்பத்தில் தேடுங்கள்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரு கணக்கு. பயப்பட வேண்டாம். பெருக்கல், வகுத்தல் எதுவும் இல்லை, வெறும் எண்ணிக்கைதான்.

அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுக் கைபேசியை வாங்குங்கள். அதில் கடைசியாக எடுத்த 50 படங்களைப் பாருங்கள். நீங்கள் இருப்பவை எத்தனை? தம்பி, தங்கை இருப்பவை எத்தனை? பொங்கல் பானை, பிறந்தநாள் கேக், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி எத்தனை? எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். கடைசியாக, அம்மா எத்தனை படங்களில் இருக்கிறார் என்று எண்ணுங்கள்.

பல வீடுகளில் விடை ஒற்றை இலக்கத்தைத் தாண்டாது. சில வீடுகளில் சைபர்கூட வரலாம். ஏன் தெரியுமா? படம் எடுப்பவரே அம்மாதான். அவர் எடுக்காத நேரத்தில் அடுப்படியில் இருப்பார். கூப்பிட்டால், "தலைகூட வாரலை, நான் எதுக்கு? நீங்க நில்லுங்க" என்று ஒதுங்கிவிடுவார். நாமும் "சரி" என்று நின்றுவிடுகிறோம்.

இது இன்று நேற்று வந்த கதை அல்ல. புகைப்படம் பிறந்த காலத்திலேயே அம்மாவை மறைத்துவிட்டார்கள்!

துணிக்குள் ஒளிந்த அம்மா

பிரான்ஸ் நாட்டின் டாகுவேர் கண்டுபிடித்த புகைப்பட முறை 1839-ல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தக் காலக் கேமராவில், இன்று போல 'க்ளிக்' என்றதும் படம் விழாது. பல வினாடிகள் ஆடாமல் அசையாமல் உட்கார வேண்டும். பெரியவர்களின் தலை ஆடாமல் இருக்க, முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கியையே வைத்தார்கள். பழைய படங்களில் எல்லாரும் உர்ரென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அத்தனை நேரம் சிரித்த முகத்தை அப்படியே வைத்திருக்க முடியுமா? முயன்று பாருங்கள், கன்னம் வலிக்கும்.

பெரியவர்கள் பாடே இப்படி என்றால் கைக்குழந்தை என்ன செய்யும்? காலை உதைக்கும், திரும்பும், அழும். படம் கலங்கிவிடும். அதனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தந்திரம் செய்தார்கள். அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து, தலையிலிருந்து கால்வரை ஒரு துணியைப் போர்த்திவிடுவார்கள். பார்த்தால் துணி விரித்த நாற்காலி மாதிரி இருக்கும். அதன்மேல் குழந்தை! உள்ளே இருந்தபடி அம்மா குழந்தையை அசையாமல் பிடித்துக்கொள்வார். படத்தில் குழந்தை அழகாக விழும். அம்மா வெறும் துணி மூட்டை.

இப்படிப்பட்ட படங்களை இன்று 'மறைந்த அம்மா' படங்கள் என்றே சொல்கிறார்கள். உற்றுப் பார்த்தால் துணிக்கு வெளியே ஒரு கை தெரியும், விரல் தெரியும்.

நம் ஊருக்கும் கேமரா சீக்கிரமே வந்துவிட்டது. லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக ஊர் ஊராகச் சென்றார். திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் அவர் எடுத்த படங்கள் 1858-ல் தொகுப்புகளாக வந்தன. கண்ணாடிக்குப் பதில், மெழுகு தடவிய காகிதத்தை நெகட்டிவாகப் பயன்படுத்தியவர் அவர். மலைக்கோட்டையும் கோபுரங்களும் அவர் படங்களில் அவ்வளவு தெளிவு. ஆனால் ஆட்களைத் தேடினால் அதிகம் கிடைக்கமாட்டார்கள். கேமரா திறந்திருக்கும் நேரத்தில் நடந்து போகிறவர்கள் படத்தில் பதியாமலே மறைந்துவிடுவார்கள். கல் மட்டும்தான் ஆடாமல் நின்றது!

கண்ணாடியில் தெரிந்த பூ ஜடை

பிறகு தமிழ்நாட்டின் ஊர்களில் ஸ்டூடியோக்கள் வந்தன. உங்கள் பாட்டியிடம் கேளுங்கள், கதை கதையாகச் சொல்வார். குடும்பத்தோடு ஸ்டூடியோவுக்குப் போவது அந்தக் காலத்தில் ஒரு திருவிழா. பின்னால் ஏரியும் மாளிகையும் வரைந்த திரை தொங்கும். பக்கத்தில் ஒரு பூந்தொட்டி. பவுடர் டப்பா, சீப்பு எல்லாம் ஸ்டூடியோவிலேயே இருக்கும். குழந்தை குப்புற விழுந்ததும் ஒரு படம், கிருஷ்ணர் வேஷம் போட்டு ஒரு படம்.

எனக்கு மிகவும் பிடித்தது பூ தைத்த ஜடைப் படம். வளைகாப்புக்கோ வேறு விசேஷத்துக்கோ ஜடை முழுக்க மல்லிகையும் கனகாம்பரமும் தைத்திருப்பார்கள். முன்பக்கம் படம் எடுத்தால் ஜடை தெரியாது. பின்பக்கம் எடுத்தால் முகம் தெரியாது. ஸ்டூடியோக்காரர் என்ன செய்தார்? பின்னால் ஒரு பெரிய கண்ணாடியை நிறுத்தினார். முகமும் ஜடையும் ஒரே படத்தில்! எவ்வளவு எளிய யோசனை பாருங்கள். இதை உங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடியை வைத்தே செய்யலாம். கண்ணாடிக்கு நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நின்று எடுத்தால், எடுப்பவர் கண்ணாடியில் விழமாட்டார்.

'போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும்' என்று பயந்தவர்களும் அப்போது இருந்தார்கள். அதனால் சில குடும்பங்களில் கொள்ளுப்பாட்டிக்கு ஒரு படம்கூடக் கிடையாது. பல ஸ்டூடியோக்களும் மூடப்பட்டு, கண்ணாடி நெகட்டிவ்கள் ஈரத்திலும் தூசியிலும் வீணாகிவிட்டன. மிச்சம் இருப்பதையாவது காப்பாற்ற, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் 'அழியும் ஆவணங்கள்' திட்ட உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்தார்கள். யார் வீட்டு அம்மா, யார் வீட்டுக் குழந்தை என்று பெயர் தெரியாத முகங்கள் அவற்றில் எத்தனையோ.

பெயர் என்றதும் நினைவு வருகிறது. நான் வேலை பார்த்த பள்ளியில் ஒருமுறை ஆறாம் வகுப்பு மாணவர்களிடம், "நாளைக்கு ஆளுக்கு ஒரு படம் கொண்டு வாருங்கள். நீங்களும் அம்மாவும் மட்டும் இருக்கும் படம்" என்றேன். மறுநாள் பாதிப் பேர் அம்மாவின் கல்யாணப் படத்தைக் கொண்டு வந்தார்கள். அதில் அவர்கள் எப்படி இருப்பார்கள்? சிலர் ரேஷன் கார்டுக்கு எடுத்த படத்தைக் கொண்டு வந்தார்கள். ஒரு பையன் கொண்டு வந்தது அவன் குழந்தையாக உட்கார்ந்திருக்கும் படம். அதன் ஓரத்தில், அவன் விழாமல் பிடித்திருக்கும் வளையல் போட்ட ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கையை நோக்கி பென்சிலால் அம்புக்குறி போட்டு, 'இது எங்க அம்மா' என்று எழுதியிருந்தான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. துணிக்குள் ஒளிந்த அம்மா படங்களைப் பிற்பாடு நான் பார்த்தபோது, அந்தப் பையனின் அம்புக்குறிதான் நினைவுக்கு வந்தது.

போவோமா திருவெள்ளறைக்கு?

சரி, இனி வேலை. ஒரு விடுமுறை நாளில் குடும்பத்தோடு கிளம்புங்கள். கேமரா உங்கள் கையில்; அம்மா படத்துக்குள். இதுதான் ஒரே விதி.

எங்கே போவது? உங்கள் ஊர்க் குளக்கரை போதும், மொட்டை மாடிகூடப் போதும். திருச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு நான் சொல்லும் இடம் திருவெள்ளறை. திருச்சியிலிருந்து துறையூர் போகும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர். சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ் ஏறினால் இறங்கிக்கொள்ளலாம். 'அறை' என்றால் பாறை. வெண்பாறை இருக்கும் ஊர், அதனால் வெள்ளறை. அந்தப் பாறைமேல்தான் புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் இருக்கிறது. 108 திவ்ய தேசங்களில் ஒன்று.

இந்த ஊரை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே தாயார் பங்கயச்செல்விக்குத்தான் முதல் மரியாதை. வீதியுலா என்றால் தாயார் முன்னே போவார், பெருமாள் பின்னே வருவார். அம்மாவை முன்னால் நிறுத்திப் படம் எடுக்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறு உண்டா?

கோயிலுக்குப் பக்கத்தில் ஓர் அதிசயக் கிணறு இருக்கிறது. ஸ்வஸ்திக் வடிவத்தில் நான்கு பக்கமும் நான்கு வழிகள். ஒவ்வொரு வழியும் நடுவில் திரும்பி, படிக்கட்டாக நீருக்கு இறங்கும். ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறையில் குளிப்பவரைப் பார்க்க முடியாது. அதனால் இதற்கு 'மாமியார் மருமகள் குளம்' என்று ஒரு பெயர்! (யார் வைத்த பெயரோ, அவர் வீட்டில் என்ன சண்டையோ!) பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில், ஆலம்பாக்கத்து விசயநல்லூழானின் தம்பி கம்பன் அரையன் வெட்டியது. மன்னனின் 4-ம் ஆட்சியாண்டில் தொடங்கி 5-ம் ஆண்டில் முடித்ததாகக் கல்வெட்டே சொல்கிறது. மார்ப்பிடுகு பெருங்கிணறு என்பது அதன் பழைய பெயர். சுமார் 1,200 வயது.

இங்கே ஒரு விளையாட்டு. நான்கு வழிகளுக்கு நான்கு படங்கள். முதல் வழியின் வெளிமுகப்பில் அம்மா நிற்க, நீங்கள் எடுங்கள். இரண்டாவதில் நீங்கள் நிற்க, தங்கை எடுக்கட்டும். மூன்றாவதில் தங்கை நிற்க, அப்பா. நான்காவதில் அப்பா நிற்க, அம்மா. இப்படிச் சுற்றி வந்தால் ஒருவரும் விடுபடமாட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் நான்கையும் ஓர் அட்டையில் கிணற்றின் வடிவத்திலேயே ஒட்டுங்கள். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எல்லாம் வெளியே சமதரையில்தான். படிகளில் இறங்கவோ, சுவரில் ஏறவோ, பின்பக்கமாக நடந்துகொண்டு படம் எடுக்கவோ கூடாது. கிணற்றங்கரையில் படம் பார்க்கிற கண் தரையைப் பார்க்காது.

கோயிலின் முகப்பில் கட்டி முடிக்காமல் நின்றுபோன ராஜகோபுரம் ஒன்று இருக்கிறது. மாலை நேரத்தில் வானம் பின்னால் வரும்படி அம்மாவையும் தம்பியையும் நிறுத்துங்கள். கைபேசியின் திரையில் அவர்கள் முகத்தைத் தொடாமல் வானத்தைத் தொடுங்கள். அவர்கள் இருவரும் கறுப்பு நிழலுருவமாகவும், வானம் வண்ணமாகவும் விழும். அம்மா தலைக்குமேல் கை உயர்த்தி, மொட்டையாக நிற்கும் கோபுரத்துக்குக் கலசம் வைப்பதுபோலச் செய்யச் சொல்லுங்கள். தூரத்தில் நிற்பது சிறியதாகவும் பக்கத்தில் நிற்பது பெரியதாகவும் தெரியும் என்று அறிவியல் பாடத்தில் படித்தீர்களே, அதேதான். நாலைந்து முறை சரிப்படாது. 'கொஞ்சம் இடது பக்கம், கொஞ்சம் குனிங்க' என்று நீங்கள் உத்தரவு போட, அம்மா கேட்டு நடப்பார். இந்த வாய்ப்பு வருடத்தில் எத்தனை தடவை வரும்!

கோயிலுக்குள் சந்நிதியில் படம் எடுக்கக்கூடாது. மற்ற இடங்களிலும் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். சாமி கும்பிட வந்த மற்றவர்கள் படத்தில் விழாதபடி பாருங்கள். அவர்கள் உங்கள் படத்துக்காக வரவில்லை.

வெயிலுக்கும் ஒரு நேரம்

நண்பகலில் படம் எடுக்காதீர்கள். சூரியன் உச்சியில் இருந்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழும். அழகான அம்மாகூடப் பத்து நாள் தூங்காதவர் மாதிரி தெரிவார். பாறையும் சுடும். காலை 8 மணிக்கு முன்னால், அல்லது மாலை 5 மணிக்குப் பிறகு எடுங்கள். அப்போது வெயில் சாய்ந்து, மஞ்சளாக, மென்மையாக இருக்கும். வெளிர்நிறப் பாறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு. தன்மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பி மேலே அனுப்பும். ஸ்டூடியோவில் வெள்ளைக் குடை செய்யும் வேலையை இங்கே தரை செய்கிறது.

எடுக்கும் முன் கேமராக் கண்ணாடியை மெல்லிய துணியால் துடையுங்கள். பாதிப் படங்கள் மங்கலாக இருப்பதற்குக் காரணம் எண்ணெய்க் கைதான்! முழங்கையை உடம்போடு ஒட்டி வைத்து, மூச்சை ஒரு நொடி பிடித்துக்கொண்டு அழுத்துங்கள். சின்னத் தம்பியை எடுக்கும்போது மண்டியிட்டு அவன் கண் மட்டத்துக்கு வாருங்கள். மேலிருந்து எடுத்தால் தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் கத்தரிக்காய் மாதிரி இருப்பான்.

"சிரிங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். சொன்னால் வருவது சிரிப்பல்ல, பல். அம்மாவுக்கு வேலை கொடுங்கள். தங்கைக்குத் தலை பின்னட்டும், பூ தொடுக்கட்டும், தாயம் ஆடட்டும், சின்ன வயதில் வாங்கிய அடியைப் பற்றிச் சொல்லட்டும். நடுவில் தானாகச் சிரிப்பார். அப்போது அழுத்துங்கள். கைகளை மட்டும்கூட எடுக்கலாம். பாட்டி கை, அம்மா கை, உங்கள் கை மூன்றும் ஒரே முறத்தில் அரிசி பார்ப்பது போல.

அம்மா குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் பாட்டி வீட்டில் இருக்கிறதா? அதே மாதிரி உட்கார்ந்து, அதே மாதிரி கையை வைத்து, நீங்கள் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் மூக்கு யாருடையது என்ற சண்டை தீர்ந்துவிடும்.

அம்மா வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உங்களில் இருப்பீர்கள். அம்மா இல்லாத பிள்ளைகளும் இருப்பீர்கள். இந்த வேலை உங்களுக்கு இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். தினமும் உங்களுக்குத் தலை வாரிவிடுவது யார்? "சாப்பிட்டியா?" என்று கேட்பது யார்? பாட்டியோ, பெரியம்மாவோ, அத்தையோ, அப்பாவோ, அண்ணனோ, அவர்தான் உங்கள் படத்தில் நிற்க வேண்டும். அவரும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார், பாருங்கள்!

வருடம் இரண்டு படம்

அர்ஜென்டினா நாட்டில் டியேகோ கோல்ட்பெர்க் என்ற புகைப்படக்காரர் 1976-ம் ஆண்டு ஜூன் 17 அன்று தன்னையும் தன் மனைவியையும் தனித்தனியாகப் படம் எடுத்தார். ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் எடுத்துக்கொண்டே வந்தார். பிள்ளைகள் பிறக்கப் பிறக்க அவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள். மூன்று பையன்கள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டார்கள். எல்லாப் படங்களையும் சேர்த்துப் பார்த்தால், குழந்தை முகம் மெல்ல மெல்ல அப்பா முகமாக மாறுவது தெரியும்.

நாம் திருவெள்ளறையை வைத்தே ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோயிலில் இரண்டு வாசல்கள் உண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். அதுபோல தையில் ஒரு படம், ஆடியில் ஒரு படம். அம்மாவுக்குப் பக்கத்தில் நீங்கள், அதே இடத்தில், அதே வரிசையில். அம்மாவின் தோளை எந்த ஆடியில் எட்டினீர்கள், எந்தத் தையில் தாண்டினீர்கள் என்று படமே சொல்லும். எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள் உடனே தொடங்குங்கள். உங்களுக்கு அதிக ஆடி பாக்கி இல்லை!

"அம்மாவுக்குக் கேமரா எல்லாம் வராது" என்று சொல்லும் அண்ணன்மார்களுக்கு ஒரு செய்தி. ஜூலியா மார்கரெட் கேமரன் என்ற அம்மையார் 1815-ல் கல்கத்தாவில் பிறந்தவர். (கேமரன் என்பது கணவர் குடும்பப் பெயர், கேமராவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) ஆறு பிள்ளைகளுக்குத் தாய். 1863-ல், அவருடைய 48-வது வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோக்குக்காகக் கொடுத்தது. அவரோ கோழிக்கூண்டாக இருந்த இடத்தைப் படம் எடுக்கும் அறையாக மாற்றிவிட்டார். தாயும் குழந்தையுமாக அவர் எடுத்த படங்கள் இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து, அங்குள்ள தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். 1879-ல் இலங்கையிலேயே காலமானார்.

ஆகவே நான்காவது வழியில் அம்மா எடுத்த படத்தை அழித்துவிடாதீர்கள், விரல் குறுக்கே விழுந்திருந்தாலும். பாட்டியிடமும் ஒரு முறை கொடுங்கள்.

எடுத்த படங்களை இணையத்தில் போடும் முன் படத்தில் இருப்பவர்களைக் கேட்க வேண்டும். அம்மா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நூறு படங்களில் நல்லதாக ஐந்தைத் தேர்ந்தெடுத்து, கடையில் கொடுத்து அச்சுப் போட்டுக்கொள்ளுங்கள். கைபேசி உடைந்தால் படமும் போய்விடும். காகிதம் அலமாரியில் கிடக்கும். ஆல்பத்தில் படத்தைப் பசை போட்டு ஒட்டாமல், மூலைகளைச் செருகும்படி வையுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறிவிடலாம். மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். பென்சில் பிடிக்காத வழவழப்பான தாள் என்றால் ஓர் உறையில் எழுதிவிட்டுப் பிறகு படத்தை உள்ளே வையுங்கள். ஊர், நாள், நிற்பவர்கள் பெயர் இடமிருந்து வலமாக. 'அம்மா' என்று மட்டும் எழுதாதீர்கள். அம்மாவின் பெயரையும் எழுதுங்கள். 'அம்மா' என்று மட்டும் இருந்தால், ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு அது யாருடைய அம்மா என்று தெரியாது. கடைசி வரியில், படத்தை எடுத்தவர் யார் என்பதும் வேண்டும்.